குமுளி ஏற்றத்தில் மூச்சுத் திணறிய வண்டி

குமுளி மலைப்பாதையில் இரைச்சல் பாலத்துக்கு முந்தின வளைவு. ஆக்சிலேட்டரை அடி வரை மிதித்துவிட்டேன். முதல் கியரில் இருக்கிறேன். எஞ்சின் கத்தக்கூட இல்லை, முனகியது. எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு 3,000ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது, ஸ்பீடோமீட்டர் முள் 20ஐத் தொடவில்லை. பின்னாலிருந்து ஏலக்காய்க் காட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஒன்று ஆரன் அடித்தபடி என்னை ஒதுக்கிவிட்டு ஏறிப் போனது. உள்ளே எப்படியும் பதினைந்து பெண்களாவது இருப்பார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்த பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.

எனக்கு ஊர் கம்பம். ஏலக்காய் வியாபாரி ஒருவருக்குக் கணக்கு எழுதுகிறேன். வாரத்துக்கு மூன்று நாள் குமுளி, புத்தடி என்று கேரளத்துப் பக்கம் மலையேற வேண்டிய பிழைப்பு. வண்டி 2017 நவம்பரில் வாங்கிய 1,200 சிசி பெட்ரோல் கார். புகைக் கட்டுப்பாட்டில் பாரத் ஸ்டேஜ் நான்கு வகை. இந்தக் கதை நடந்தபோது ஓடோமீட்டரில் 96,000 கிலோமீட்டர். அதுவரை பெரிய செலவு ஒன்றும் வைத்ததில்லை.

தொந்தரவு ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் மைலேஜ் குறைந்தது. லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி 14க்கு வந்து, பிறகு 12. கம்பத்துக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வரை சமதளத்திலும் பரவாயில்லை. ஏற்றம் ஆரம்பித்ததும்தான் யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இருக்கும். கேட்டவர்களெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "மலைக்காத்து லேசு, எல்லா வண்டியும் அப்பிடித்தான்" என்றார் ஒருவர். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. குமுளி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,900 அடி, கம்பம் 1,300 அடிச் சுமாருக்கு. ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் சக்தி குறையும் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து சதவீதம்தான் வருகிறது. ஐந்து சதவீதத்துக்காக ஒரு வண்டி முதல் கியரில் அழாது.

உள்ளூர்ப் பட்டறையில் விட்டேன். ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், பெட்ரோல் பம்பைக் கழற்றிக் கழுவினார்கள். அப்புறம் "கிளட்ச் போயிருச்சுண்ணே" என்று 8,500 ரூபாய்க்குக் கிளட்ச் பிளேட் செட் மாற்றினார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு லோயர் கேம்ப் போனேன். அதே முனகல்.

கிளட்ச் தேய்ந்து வழுக்கினால் எஞ்சின் சுற்று விறுவிறுவென்று ஏறும், வேகம் மட்டும் ஏறாது. என் வண்டியில் சுற்றே ஏறவில்லை. இரண்டும் வேறு வேறு நோய். இது எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் 8,500 ரூபாய் கையில் இருந்திருக்கும். பட்டறைக்காரர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. "இழுவை இல்லை" என்று மட்டும்தான் அவரிடம் சொன்னேன். சுற்று ஏறுகிறதா இல்லையா என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அவரிடம் சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. ஆவணியில், சாரல் விடாமல் அடித்த நாட்களில், காலையில் வண்டியை எடுத்தால் ஐடிலிங்கில், அதாவது நின்ற இடத்தில் எஞ்சின் சும்மா ஓடும்போது, ஒரு உதறல் இருக்கும். டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். சில சமயம் ஏற்றத்தில் அது விட்டு விட்டுக் கண்ணடிக்கும். மச்சானிடம் காட்டினேன். "அது எல்லா வண்டியிலயும் எரியுறதுதான் மாப்ள, சென்சார் கோளாறு" என்றார். ஏலக்காய் சீசன் நேரம், வண்டியை விட்டுவிட்டு உட்கார நேரமில்லை. அவர் சொன்னதும் எனக்கு வசதியாக இருந்தது. இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன்.

ஐப்பசி முதல் வாரம், குமுளியை நெருங்கும்போது இருட்டிவிட்டது. தீய்ந்த வாடை ஒன்று உள்ளே வந்தது. ரேடியேட்டர் கொதிக்கிறதோ என்று பார்த்தால் சூட்டு முள் நடுவில்தான் நிற்கிறது. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். எஞ்சினுக்கு முன்னால் தகர மூடி ஒன்று இருக்கும், சைலன்ஸர் குழாய் ஆரம்பிக்கிற இடத்தில். அந்தத் தகரத்தின் இடுக்கில் செக்கச்செவேல் என்று ஒரு கோடு தெரிந்தது. டார்ச்சை அணைத்துவிட்டுப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டிக்குள் கிடக்கும் கரி மாதிரி, உள்ளே ஏதோ ஒன்று கனன்றுகொண்டிருந்தது. சாரல் துளி ஒன்று விழுந்து 'ஸ்ஸ்' என்றது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. கால் மணி நேரம் காத்திருந்து, மெல்ல உருட்டிக்கொண்டு குமுளி போய்ச் சேர்ந்தேன்.

குமுளியில் ஒரு பழைய மெக்கானிக் இருக்கிறார். பூர்வீகம் உத்தமபாளையம், மூன்று தலைமுறையாகக் கேரளத்துப் பக்கம். பட்டறையில் வேலை செய்கிற மலையாளப் பையன்கள் "ஆசானே" என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன். சிவந்து கிடந்தது என்று சொன்னதுமே மனுஷர் சிரித்துவிட்டார்.

"கேட்டுதான் தம்பி. கேட்டலிடிக் கன்வெர்ட்டர், புகையச் சுத்தம் பண்ணுற டப்பா. தொண்டையில சதை வளந்த மாதிரி அடைச்சிருக்கும். காலையில வா, காட்டுறேன்."

மறுநாள் முதல் வேலையாக, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரைச் செருகினார். இரண்டு பிழைக் குறியீடு வந்தது. ஒன்று பி 0303, மூன்றாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. இன்னொன்று பி 0420, கன்வெர்ட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. நானாக இருந்தால் இரண்டாவதைப் பார்த்ததும் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்லியிருப்பேன். அவர் முதலாவதில் விரலை வைத்து, "அப்பன் இது, மகன் அது" என்றார்.

ஆனால் ஸ்கேனர் சொன்னதை வைத்துக்கொண்டே அவர் தீர்ப்பு சொல்லவில்லை. கன்வெர்ட்டரின் வேலைத்திறன் குறைவது ஒன்று, புகை போகும் வழி அடைபடுவது வேறொன்று. பி 0420 முதலாவதைத்தான் சொல்லும். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார். முன்னது ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருக்கும். பின்னது ஆடாமல் நின்றால் கன்வெர்ட்டர் நலம். பின்னதும் சேர்ந்து ஆடினால் கன்வெர்ட்டர் வெறும் குழாயாகிவிட்டது என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டும். புகை போக வழியில்லாமல் அடைத்துக் கிடந்தாலும் சில வண்டியில் இந்தக் குறியீடு வராது, வழி நன்றாகத் திறந்திருந்தாலும் சில வண்டியில் வரும்.

அடைப்பைப் பார்க்க அவர் வைத்திருந்தது சொந்தத் தயாரிப்பு. செத்துப்போன ஆக்சிஜன் சென்சார் ஒன்றின் உட்புறத்தைக் குடைந்து, செம்புக் குழாயைப் பற்றவைத்து, அதன் முனையில் ஒரு பிரஷர் மீட்டர். எஞ்சின் ஆறியிருக்கும்போதே முன்பக்கச் சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் இதை முறுக்கினார். ஐடிலிங்கில் ஒன்றரை பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது, 2,500 சுற்றில் மூன்றைத் தாண்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். டயருக்குக் காற்றுப் பார்க்கிற அதே பி.எஸ்.ஐ. கணக்குதான். பையன் ரேஸ் கொடுத்தான். முள் இரண்டிலிருந்து கிளம்பி நாலு, ஆறு, எட்டு என்று போய் அங்கேயே துடித்துக்கொண்டு நின்றது.

"இந்த எட்டும் பிஸ்டன் தலையில உக்காந்திருக்கு தம்பி. பழைய காத்து வெளிய போகாம புதுக் காத்து எங்கிட்டு உள்ள வரும்?"

மீட்டரைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையைத் திறந்தே விட்டு, வண்டியை ரோட்டில் ஒரு ஏற்றத்தில் அவரே எடுத்தார். டிராக்டர் மாதிரி சத்தம். ஆனால் வண்டி பாய்ந்தது! இரண்டு மாதமாக நான் பார்க்காத இழுவை, ஒரு விரல் நுழையாத ஓட்டையால் வந்துவிட்டது. இருநூறு மீட்டர்தான் ஓட்டினார், திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஓட்டை வழியாகத் தீக்காற்று வயர்களின் மேல் அடிக்கும், யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

கம்பத்துக்குள் தெரியாத நோய் ஏற்றத்தில் மட்டும் தெரிந்ததற்குக் கணக்கு இருக்கிறது. 1,200 சிசி எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் 1.2 லிட்டர் காற்றை இழுக்க முடியும். முழு ஆக்சிலேட்டரில் 3,000 சுற்று என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,800 லிட்டர். மாடியில் வைக்கிற 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி கிட்டத்தட்ட இரண்டு. எரிந்த பிறகு சூட்டில் அது இன்னும் பல மடங்கு விரிகிறது. அத்தனையும் அந்தத் தொண்டை வழியாகத்தான் போக வேண்டும். ஐடிலிங்கில் இதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அரைகுறையாக அடைத்த தொண்டை சின்ன மூச்சுக்குப் போதும், ஓடும்போதுதான் இரைக்கும்.

கழற்றிய கன்வெர்ட்டரை அன்று மாலையே என் முன்னால் அறுத்துக் காட்டினார். உள்ளே இருப்பது பீங்கான். தேனடையேதான், துளைதுளையாகக் கட்டம். சதுர அங்குலத்துக்கு 400 துளை இருக்கிற வகை சாதாரணம். அந்தத் துளைச் சுவர்களில் அலுமினா பூசி, அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற மூன்று விலையுயர்ந்த உலோகங்களைப் பொடியாகப் படியவைத்திருப்பார்கள். கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகிறது, எரியாத பெட்ரோல் ஆவி தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடுமாகிறது, நைட்ரஜன் ஆக்சைடு வெறும் நைட்ரஜனாகத் திரும்புகிறது. இது நடக்க உள்ளே 250, 300 டிகிரியாவது சூடு வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினை எடுத்த முதல் சில நிமிடத்துக்குக் கன்வெர்ட்டர் தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

என் வண்டியினுடையதில் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் தேனடை முழுசாக இருந்தது. நடுவில் வெல்லப்பாகு கொட்டி இறுகின மாதிரி சாம்பல் நிறக் கட்டி. விரலால் தடவினேன், கண்ணாடி மாதிரி வழுவழு. பீங்கான் உருகி ஓடி, துளைகளை அடைத்துக்கொண்டு உறைந்திருக்கிறது. பீங்கான் உருக எத்தனை சூடு வேண்டும்? ஆயிரம் டிகிரியைத் தாராளமாகத் தாண்டியிருக்க வேண்டும். சூட்டு முள்ளில் ஏன் காட்டவில்லை என்றால், அது கூலன்ட் தண்ணீரின் சூட்டை மட்டும் பார்க்கிற முள்.

அந்தச் சூடு வந்த வழி இது. மூன்றாவது சிலிண்டரில் பொறி சரியாக விழவில்லை. பெட்ரோல் எரியாமல், அதற்கான காற்றையும் துணைக்கு அழைத்துக்கொண்டு வெளியே வந்தது. கன்வெர்ட்டருக்கு எரிப்பதுதானே வேலை, அது அங்கே பற்றவைத்தது. சிலிண்டருக்குள் எரிந்து சக்கரத்தைச் சுற்றவேண்டிய பெட்ரோல், சைலன்ஸர் வாயில் அடுப்பெரித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் விளக்கு கண்ணடித்தது இதைச் சொல்லத்தான். நின்று எரிந்தால் 'சீக்கிரம் காட்டு' என்று அர்த்தம். கண்ணடித்தால் 'மிஸ் அடிக்கிறது, கன்வெர்ட்டர் வேகப்போகிறது, ஆக்சிலேட்டரை விடு, நிறுத்து' என்று அர்த்தம். வண்டியோடு வந்த புத்தகத்தில் இது அச்சிட்டே இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அது பாலித்தீன் உறை பிரிக்காமல் டேஷ்போர்டுப் பெட்டியில் கிடந்தது.

பொறி விழாததற்குக் காரணம் இன்னும் அற்பம். மூன்றாவது பிளக்கின் மேல் உட்கார்ந்து அதற்குப் பொறி மின்சாரம் கொடுக்கும் காயிலை ஆசான் உருவினார். அதன் ரப்பர் மூக்கு முழுக்க எஞ்சின் ஆயில். மேலே டேப்பட் கவர் என்கிற எஞ்சின் மூடியின் பேக்கிங் காய்ந்து வெடித்து, அதன் வழியாகப் பிளக் குழிக்குள் ஆயில் இறங்கியிருக்கிறது. ரப்பர் ஊறி இளகி, பொறி பிளக்குக்குப் போகாமல் பக்கவாட்டில் எஞ்சின் உடம்புக்குத் தாவியிருக்கிறது. மழை ஈரத்தில் இன்னும் அதிகம். பேக்கிங் விலை 450 ரூபாய்.

இப்போது என் முன்னால் மூன்று வழி. முதல் வழியை எனக்கு வேறொரு பட்டறையில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்: "உள்ள இருக்குறதக் கம்பியால குத்திக் கொட்டிட்டு வெறும் டப்பாவ மாட்டிரலாம், ஆயிரம் ரூவா. பவரும் கூடும்." பவர் கூடும் என்பது அடைத்த கன்வெர்ட்டரோடு ஒப்பிட்டுச் சொல்கிற பேச்சு. நல்ல கன்வெர்ட்டர் எடுத்துக்கொள்கிற சக்தி, இந்த மாதிரி சின்ன எஞ்சினில், ஓட்டுகிறவர் உணரக்கூடிய அளவே இல்லை. டப்பாவைக் காலி செய்தால் பின் சென்சார் மஞ்சள் விளக்கை நிரந்தரமாக ஏற்றிவிடும், அடுத்த தடவை மிஸ் அடித்தால் அந்த விளக்கை நம்ப முடியாது. புகைச் சான்றிதழும் இருக்கிறது. பாரத் ஸ்டேஜ் நான்கு பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் என்கிற எரியாத பெட்ரோல் ஆவி 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 200 பங்கு) என்பது வரம்பு. கன்வெர்ட்டர் இல்லாமல் அது நேர்மையாக வருவது கஷ்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது, 190(2) புகைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் இரண்டு மாநிலத்துச் செக்போஸ்ட்டைத் தாண்டுகிற எனக்கு இந்த வம்பு வேண்டாம். சட்டத்தை விடுங்கள், லோயர் கேம்ப் ஏற்றத்தில் எனக்குப் பின்னால் திறந்த ஜீப்பில் அந்தப் பாட்டி வருவார். நான் விடுகிற புகை அவர் மூக்குக்குத்தான் போகும்.

இரண்டாவது வழி, 9,000 ரூபாய்க்குக் கிடைக்கிற வெளிச்சந்தைக் கன்வெர்ட்டர். எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விலையே அந்த மூன்று உலோகத்தில்தான் இருக்கிறது. விலை கால்வாசி என்றால் உள்ளே உலோகம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்தால் போதும். மூன்றாவது, கம்பெனி உருப்படி, 36,000. சீட்டுப் பணத்தை எடுத்து அதைத்தான் போட்டேன். மதுரையிலிருந்து வர நான்கு நாள் ஆனது.

புதியதை மாட்டும் முன் ஆசான் பேக்கிங்கை மாற்றி, நான்கு பிளக்கும் மூன்றாவது காயிலும் புதிதாகப் போட்டு, ஒரு நாள் முழுக்கக் கன்வெர்ட்டர் இல்லாமலேயே பட்டறையில் ஓடவிட்டு, மிஸ் எண்ணிக்கை ஸ்கேனரில் சுழியம் என்று பார்த்த பிறகுதான் புதுசை உறையிலிருந்து வெளியே எடுத்தார். இந்த வரிசையை மாற்றினால் புதுக் கன்வெர்ட்டரும் பழையதன் வழியிலேயே போகும். இப்படி 36,000ஐ இரண்டு தடவை செலவழித்த ஒருவரை எனக்குத் தெரியும் என்றார்.

அறுத்த பழைய கன்வெர்ட்டரைச் சாக்கில் கட்டி என்னிடமே கொடுத்தார். பலருக்கு இதைக் கேட்டு வாங்கத் தோன்றுவதில்லை. உருகிக் கிடந்தாலும் அதிலுள்ள பிளாட்டினமும் ரோடியமும் எங்கேயும் போய்விடுவதில்லை, பழைய இரும்புக்காரர்கள் இதைத் தனியாகக் கேட்டே வாங்குகிறார்கள். எனக்கு 4,000 ரூபாய் திரும்ப வந்தது. கிளட்ச் செலவில் பாதி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நம் ஊரில் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் வந்தது 1995 ஏப்ரலில், நான்கு பெருநகரங்களில் முதலில். அதற்காகவே ஈயம் கலக்காத பெட்ரோலைக் கொண்டுவந்தார்கள், ஈயம் பட்டால் உள்ளே இருக்கும் உலோகப் பூச்சு செத்துவிடும். 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல்தான். ஆகையால் இன்றைக்குக் கன்வெர்ட்டரைக் கொல்வது பெட்ரோல் பங்க் இல்லை, நம் எஞ்சின்தான். மிஸ் அடிப்பது, ஆயில் எரிவது, ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் கசிந்து எரிவது.

நம் பழக்கமும் கொஞ்சம். பேட்டரி இறங்கினால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்வது மலையில் சர்வ சாதாரணம். பழைய ஜீப்புக்குச் சரி. கன்வெர்ட்டர் உள்ள பெட்ரோல் வண்டியில் எஞ்சின் பிடிக்கும் வரை எரியாத பெட்ரோல் அதற்குள்தான் போகும், ஜம்பர் வயர் போட்டு எடுப்பதே நல்லது. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று சாவியை அணைத்து உருட்டுகிறவர்களும் உண்டு. பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டர் போய்விடும் என்கிற ஆபத்து ஒருபுறம். மறுபுறம், இன்ஜெக்டர் வண்டியில் கியரிலேயே காலை எடுத்துவிட்டு இறங்கினால் கம்ப்யூட்டர் தானாகவே பெட்ரோலை நிறுத்திவிடுகிறது, அணைத்து மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. பங்குனி, சித்திரையில் காய்ந்த புல் மேல் சூடான வண்டியை நிறுத்தாதீர்கள். கூடலூரில் திராட்சைத் தோட்டத்து ஓரம் அப்படி நிறுத்திவிட்டு, புகை கண்டு ஓடிவந்து மண்ணள்ளிப் போட்டவன் நான்.

வண்டி இப்போது இரைச்சல் பாலத்தை இரண்டாவது கியரில் தாண்டுகிறது, ஆளில்லாமல் போனால் மூன்றாவதில். மைலேஜ் 16. பழைய 17 வரவில்லை. ஏன் என்று ஆசானைக் கேட்டதற்கு ஆயில் கம்பியை உருவிக் காட்டினார். போட்டு ஆயிரம் கிலோமீட்டருக்குள் கால் லிட்டர் காணோம். பேக்கிங் மாற்றிய பிறகு வெளியே கசிவில்லை, அப்படியென்றால் உள்ளே எரிகிறது. எரிகிற ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் கன்வெர்ட்டரின் துளைகளில் மெல்ல மெல்லப் படியும். ரிங் தேய்மானமா, வால்வு சீலா என்று பார்க்க எஞ்சினைப் பிரிக்க வேண்டும், அதற்கு இப்போது பணமில்லை. ஞாயிறுதோறும் காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, அளவைப் பழைய ஏலக்காய்க் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.